நவாஸின் பெயருக்கு நேரே சிவப்பு

லொறிச் சாவியை நவாஸ் என் மேசையில் வைத்தான். வைத்துவிட்டுப் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. வள்ளங்கள் வந்து முடிந்த நேரம் அது. பெண்கள் நண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் உடைக்கிற சத்தமும், ஈரச் சீமெந்துத் தரையில் பெட்டி இழுபடுகிற சத்தமுமாக, அந்த நேரத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. ஆனால் அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"வேற ஆளைப் பாருங்க ராத்தா. கள்ளன் எண்ட பேரோட எனக்கு இந்த லொறிய ஓட ஏலாது."

என் இரண்டு கையிலும் ஐஸ் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பிளேன்டீ ஊற்றச் சொன்னேன், குடிக்கவில்லை. வாசலில் கழற்றிய செருப்பைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போய்விட்டான். லொறி முற்றத்தில் நின்றது. அதில் ஏற்ற வேண்டிய நண்டு என் காலடியில் இருந்தது.

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கற்பிட்டிப் பக்கம் மாம்புரியில் நண்டு வாடி வைத்திருப்பவள். வள்ளக்காரரிடம் நண்டை வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு, சிலாபத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்புவது என் வேலை. அவர்கள் அதை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சனம் என்னை நண்டு ராத்தா, அதாவது நண்டு அக்கா, என்கிறது. முதலில் பகிடிக்குத்தான் சொன்னார்கள். பிறகு வங்கி முகாமையாளரே அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார், நானும் விட்டுவிட்டேன்.

நவாஸ் என் இரத்த உறவில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து முகாமில் இருந்தபோது, பக்கத்துக் கொட்டிலில் இருந்த குடும்பத்துப் பிள்ளை. அப்போது பால் பல் விழாத வயது. என் உம்மா அடுப்பு மூட்டினால் முதலில் வந்து குந்துவது அவன்தான். எனக்கு உடன்பிறந்த தம்பி இல்லை என்ற குறையை அவன் வைக்கவே இல்லை. வாடி தொடங்கிய நாளிலிருந்து என் லொறியை அவன்தான் ஓட்டினான்.

அப்படிப்பட்டவன் சாவியை வைத்துவிட்டுப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? கோபம்தான் வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளை டப்பா

யுத்தம் முடிந்து சில வருடங்களில் தொழிற்சாலை எங்களுக்கு இரண்டு சாமான்கள் தந்தது. ஒன்று லொறிக்குள் ஒளித்துப் பூட்டிய ஜிபிஎஸ். லொறி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அவர்களுடைய திரையிலும் என் போனிலும் தெரியும். மற்றது சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா. வழி முழுக்க அது சூட்டையும் குளிரையும் தன்பாட்டில் பதிந்துகொண்டே போகும். தொழிற்சாலையில் அதைக் கொம்பியூட்டரில் மாட்டுவார்கள். நண்டு குளிராகவே வந்திருந்தால் பச்சை, சூடு ஏறியிருந்தால் சிவப்பு.

பச்சை வந்தால் நண்டு வெளிநாட்டுக்குப் போகும். சிவப்பு வந்தால் உள்ளூர்ச் சந்தைக்குத்தான். கதை அவ்வளவுதான், விவாதமே இல்லை.

டப்பாவைக் கொண்டுவந்து தந்த தொழிற்சாலைப் பெரியவர் சரியான அவசரத்தில் இருந்தார். வாடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, நவாஸின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இது விலை கூடின சாமான், கவனம், பழுதாக்கினால் உன்னுடைய பொறுப்பு என்று சிங்களத்தில் அழுத்திச் சொல்லியிருக்கிறார். மற்ற விவரமெல்லாம் மூடியில் ஒட்டிய தாளில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. நான் அன்றைக்குப் புத்தளத்துக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தேன்.

அந்தக் கிழமை நவாஸ் டப்பாவோடு போன மூன்று பயணமும் சிவப்பு.

தொழிற்சாலை முகாமையாளர் எனக்குப் போன் எடுத்தார். குரலில் மரியாதை இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்று தரமும் லொறி பாலாவி தாண்டி ஒரே இடத்தில் நின்றிருக்கிறது என்றார். பிறகு உடப்புக்குத் திரும்புகிற சந்தியில் நின்றிருக்கிறது. கதவைத் திறக்காமல் இப்படிச் சூடு ஏறாது என்றார். நல்ல நண்டை வழியில் யாருக்கோ இறக்கிவிட்டுப் பழைய நண்டை ஏற்றுகிறான் என்பது அவருடைய முடிவு. வந்து சேரும்போது பெட்டி குளிராகத்தானே இருந்தது என்று கேட்டேன். அது வழியில் புது ஐஸ் வாங்கிப் போட்டிருப்பான் என்றார்.

எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு கதைக்கிறவரோடு வாயால் வெல்வது கஷ்டம்.

நவாஸ் சொன்னது இதுதான். முதல் இடத்தில் லுஹர் தொழ நிற்கிறான். உடப்புச் சந்தியில் நிற்பது உடப்பு வள்ளக்காரரின் நண்டை ஏற்றுவதற்கு, அது எல்லாருக்கும் தெரியும். நண்டு சுடவே இல்லை, கையை வைத்துப் பார்த்துத்தான் இறக்கினான். இதைத்தான் அவன் முகாமையாளரிடமும் சொன்னான். யாரும் கேட்கவில்லை. அவன் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்துவிட்டது. அடுத்த நாளே சாரதிமாருடைய வாட்ஸ்அப் குழுவில் நவாஸ் நண்டு மாற்றிப் பிடிபட்டானாம் என்று ஒருவன் போட்டான். கீழே சிரிக்கிற முகங்கள் வேறு.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் சாவியைக் கொண்டுவந்தான்.

பெட்டியைத் திறந்து காட்டிய காலம்

கருவியைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் நண்டு கொண்டுபோனோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்க வேண்டும். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஐஸைக் கிளறிக் காட்ட வேண்டும். அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நண்டு என்போம். அதற்கும் அடியில்? அதற்கும் அடியில் நண்டுதான். ஒருமுறை ஒரு சிப்பாய் கையை விட்டுப் பார்த்தார், கொடுக்கு கட்டாத ஒரு நண்டு அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரருக்கு உயிர் போய் வந்தது. நல்ல வேளை, அந்தச் சிப்பாயின் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்ததால் நாங்கள் தப்பினோம்.

ஆனால் ஐஸ் உருகிவிடும். வெயிலில் வரிசையில் நின்று நின்று, போய்ச் சேரும்போது பெட்டிக்குள் அரைவாசி தண்ணீர்தான். வாங்குகிறவர் மூக்கைச் சுளிப்பார். எங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று நாங்கள் சொன்னால் யார் நம்புவது? எங்களிடம் இருந்தது எங்களுடைய வாய் மட்டும்தான்.

அதனால்தான் லொறி போகிற வழி திரையில் தெரியும் என்று சொன்னபோது, எங்கள் பக்கத்தில் முதலில் கைதூக்கியவள் நான். நிறையப் பேர் முகத்தைத் தூக்கினார்கள். வேவு பார்க்கிறார்கள் என்றார்கள். பார்க்கட்டுமே, நான் நேராகத்தானே போகிறேன் என்றேன்.

கலியாணச் சட்டையில் ஒரு வள்ளக்காரர்

அதற்கு முந்தியே போன் வந்துவிட்டது. போன் வந்த நாள்தான் எங்கள் கரையில் பெரிய மாற்றம் நடந்த நாள் என்பேன். முந்தி கொழும்பில் நண்டு என்ன விலை என்று கேட்டால், வாங்க வந்தவர் சொல்வதுதான் விலை. பிறகு வள்ளத்தில் இருந்தபடியே கேட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. கடலில் போன் நனையாமல் இருக்க, அதைச் சொப்பிங் பேக்கில் சுற்றி இறப்பர் பட்டி போட்டு வைத்துக்கொள்வார்கள். உப்பு எல்லாவற்றையும் தின்னும் ஊர் இது. எங்கள் வீட்டில் மின்விசிறி ஒன்று, ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

பிறகு நண்டுப் பெட்டியில் ஒட்டுகிற கட்டம் போட்ட ஸ்டிக்கர் வந்தது. அந்தக் கட்டத்தைப் போனில் படம் பிடித்தால் எந்தக் கரையில், யார் பிடித்த நண்டு என்று வரும். அதற்காக வள்ளக்காரர் எல்லாரையும் படம் எடுத்தோம். எங்கள் ஊர் மஜீது நானா படம் எடுக்க நின்றவர், இதை நண்டு தின்கிற வெள்ளைக்காரன் பார்ப்பானா என்று கேட்டார். பார்ப்பான் என்றேன். கொஞ்சம் பொறு என்று வீட்டுக்குப் போனார். சவரம் செய்து, மகளுடைய கலியாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இன்றைக்கும் அவருடைய நண்டு எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தச் சட்டையோடுதான் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்த நாளில் எவ்வளவு நண்டு வரும் என்று தொழிற்சாலையின் கொம்பியூட்டர் முன்கூட்டியே கணிக்கும். முதல் வருடம் உடப்பில் அம்மன் கோயில் திருவிழா வந்தபோது, உடப்பு வள்ளங்கள் ஒன்றும் வரவில்லை. வழங்குநர் நம்பகத்தன்மை குறைவு என்று எச்சரிக்கை வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் நிலூகா என்று ஒரு இளம் பெண் இருந்தாள். அவளுக்குப் போன் எடுத்து, அது அவர்கள் கடலுக்குப் போகாத காலம், அதையும் உங்கள் கொம்பியூட்டருக்குச் சொல்லுங்கள் என்றேன். மறுவருடத்திலிருந்து அதற்கு உடப்புத் திருவிழாவும் தெரியும், எங்கள் பெருநாளும் தெரியும், தலவில தேவாலயத் திருநாளும் தெரியும். சொல்லிக் கொடுத்தால் படிக்கிறது. சில மனிதர்களைவிட நல்லம்.

அதனால் நவாஸ் விஷயத்திலும், கருவி பொய் சொல்கிறது என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நவாஸ் பொய் சொல்கிறான் என்றும் நினைக்கவில்லை. இரண்டும் உண்மையாக இருக்க ஒரு வழி இருக்க வேண்டும், அதுதான் பிடிபடவில்லை.

பச்சை வந்த கிழமை

நண்டு காத்திருக்காது. பாலாவியிலிருந்து ஒரு சாரதியைக் கூலிக்குப் பிடித்தேன். வேறு தொழிற்சாலைக்கும் ஓடியவன், வேலை தெரிந்தவன். அவன் போன முதல் நாளே பச்சை. அடுத்த நாளும் பச்சை. அந்தக் கிழமை முழுக்கப் பச்சை.

முகாமையாளர் போன் எடுத்து, இப்போது விளங்குகிறதா என்று கேட்டார். வாடிப் பெண்களில் ஒருத்தி, நான் கேட்கிறேன் என்று தெரியாமல், அப்ப நவாஸ் நானா செஞ்சதுதான் போல என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. லொறி அதே லொறி, நண்டு அதே நண்டு, வழி அதே வழி. மாறியது ஆள் மட்டும்தான்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு ஒரு பொழுது எனக்கும் மனம் ஆடியது. அஸர் தொழுதுவிட்டு அப்படியே இருந்து யோசித்தேன். முகாமில் ஒரு துண்டு பாண் கிடைத்தால் பாதியை என் உம்மாவுக்குக் கொண்டுவந்து தந்த பிள்ளை, இப்போது நண்டு மாற்றுவானா? எழும்பி நேரே அவனுடைய வீட்டுக்குப் போனேன்.

அவன் வாசலில் இருந்தான், முகம் வாடியிருந்தது. மனைவி என்னைக் கண்டு உள்ளே கூப்பிட்டாள். உட்காராமலே சொன்னேன்.

"நாளைக்கு நீ ஓட்டு. பக்கத்தில நான் இருப்பன். நீ வழமையா என்ன செய்வியோ அதைச் செய், ஒண்டையும் மாத்தாத."

மாட்டேன் என்றான். என்னைச் சந்தேகித்துத்தானே பக்கத்தில் வருகிறீர்கள் என்று கேட்டான். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்திருக்கமாட்டேன், பொலிஸுக்குப் போயிருப்பேன் என்றேன். மறுநாள் வள்ளங்கள் வரும்போது அவன் வாடியில் நின்றான்.

முன் கதிரையில்

நண்டை ஏற்றினோம். ஐஸ், நண்டு, மேலே ஐஸ். கதவை இறுக்கிப் பூட்டினான். நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் ஏறி, பிஸ்மி சொல்லி, என் அலுமாரியிலிருந்து எடுத்துவந்த வெள்ளை டப்பாவைக் கையில் எடுத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் சொப்பிங் பேக்கை எடுத்து உதறினான். டப்பாவை அதற்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, சுருட்டி, இரண்டு இறப்பர் பட்டி போட்டான். பிறகு அதை ஒரு துவாயில் பொதிந்து, முன் கண்ணாடிக்குக் கீழே, வெயில் விழுகிற இடத்தில், உருளாமல் பத்திரமாக வைத்தான்.

நான் அந்தப் பொதியை விரலால் காட்டினேன்.

"நவாஸ், அதை எங்க வெக்கிற?"

"இஞ்சதான் ராத்தா எந்த நாளும் வெக்கிறது. பின்னுக்குப் போட்டா உப்புத் தண்ணி பட்டுச் செத்துப் போயிருமே. விலை கூடின சாமான் எண்டு அந்த மாத்தையா சொன்னவர்."

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். லொறி இன்னும் வாடி வாசலைத் தாண்டவில்லை. அவன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டப்பா நண்டுக்கு நடுவே ஐஸுக்குள் கிடக்க வேண்டியது, அது எவ்வளவு உப்புத் தண்ணீரிலும் சாகாது, அதற்கென்றே செய்தது, மூடித் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, பாலாவிச் சாரதியும் அங்கேதான் வைத்திருப்பான் என்று சொன்னேன். மூன்று பயணமும் அது பதிந்தது நண்டின் சூட்டை இல்லை, உன் கண்ணாடியில் அடித்த வெயிலை என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். யாரும் எங்கே வைத்தாய் என்று என்னிடம் கேட்கவில்லையே ராத்தா என்று மட்டும் சொன்னான். அது சரிதான். ஏன் சுட்டது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள், நானும் அதைத்தான் கேட்டேன்.

பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் வைக்க இறங்கப் போனான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும் என்றேன். இன்றைக்கும் சிவப்பு வர வேண்டும். இவன் இப்படி வைத்தான் என்று நான் வாயால் சொன்னால், சொந்த ஆளைக் காப்பாற்றுகிறேன் என்பார்கள். கருவியே சொல்ல வேண்டும்.

மின்நிலையப் புகைபோக்கியைத் தாண்டி, உப்பளங்களைத் தாண்டி, பாலாவியில் தெற்கே திரும்பினோம். ஓடும்போது ஜன்னல் வழியே நல்ல காற்று வந்தது. வழமையான பள்ளிவாசலில் நிறுத்தினான். கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிவிட்டுத் தொழப் போனான். நானும் இறங்கி மரநிழலில் நின்றேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது உள்ளே அடுப்பு மாதிரி அனல். மீண்டும் ஓடியதும் ஆறியது. உடப்புச் சந்தியில் நின்று நண்டு ஏற்றும்போது மறுபடியும் அனல். அந்தத் துவாய்ப் பொதியைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நவாஸ் மட்டும் சோதனைக்குப் போகிற பிள்ளை மாதிரி வாயை இறுக்கி வைத்திருந்தான்.

கோட்டைப் பார்த்தவள்

தொழிற்சாலையில் டப்பாவை மாட்டினார்கள். சிவப்பு. முகாமையாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நீங்களே கூட வந்தும் இப்படியா என்று கேட்பது போல இருந்தது. நான் நிலூகாவைக் கூப்பிடச் சொன்னேன்.

நிலூகாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் சந்தைச் சிங்களம். ஆனால் வேலை விஷயத்தில் எங்களுக்குள் ஒரு நாளும் தடங்கல் வந்ததில்லை. முதலில் நண்டுப் பெட்டியைத் திறந்து, நடுவில் சூடு பார்க்கச் சொன்னேன். பார்த்தாள், ஐஸ் குளிர். வரும் வழியில் யாரும் ஐஸ் போடவில்லை, நான் லொறியில்தான் இருந்தேன் என்றேன். அப்படியென்றால் டப்பா ஏன் இப்படிச் சொல்கிறது என்று அவளே கேட்டாள்.

"நீங்கள் நிறத்தைத்தான் பார்த்தீர்கள், மகள். சூடு ஏறி இறங்கியதை அது வரைந்த கோட்டைப் பாருங்கள்."

அவள் கோட்டைத் திறந்தாள். பிறகு, நான் சொல்லாமலே, லொறி போன வழியையும் நேரத்தையும் பக்கத்தில் திறந்தாள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். லொறி நின்ற இடத்திலெல்லாம் கோடு மேலே ஏறுகிறது. ஓடத் தொடங்கியதும் கீழே இறங்குகிறது. பழைய மூன்று பயணத்தையும் எடுத்துப் பார்த்தாள். அதே மாதிரி.

அவள் முகாமையாளரின் பக்கம் திரும்பி, ஐஸுக்குள் இருக்கிற நண்டு ஜன்னல் காற்றில் ஆறுமா சேர் என்று கேட்டாள். கதவைத் திறந்து நண்டு மாற்றியிருந்தால், சூடு ஒரு முறை ஏறி, புது ஐஸ் போட்டதும் இறங்கியிருக்கும், லொறி நிற்க நிற்க இப்படித் திரும்பத் திரும்ப ஏறாது என்றாள். இந்த டப்பா நண்டோடு பயணம் செய்யவே இல்லை, சாரதியோடுதான் பயணம் செய்திருக்கிறது என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கையில் நண்டு மணம் என்பதால் விட்டுவிட்டேன்.

முகாமையாளரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் வெளியே போனார். லொறிக்குப் பக்கத்தில் நின்ற நவாஸின் கையைப் பிடித்து, பிழை எங்களுடையது என்றார். மூடியில் ஒட்டுகிற தாளைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சடிக்கச் சொன்னார். தமிழை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பயப்படாமல் ஐஸுக்குள் வைக்கவும் என்று எழுதினேன். பயப்படாமல் என்ற சொல் எதற்கு என்று கேட்டார்கள். அது இல்லாவிட்டால் எங்கள் கரையில் ஒருவனும் வைக்கமாட்டான் என்றேன். அச்சில் அப்படியே வந்தது.

இன்றைக்கு என் வாடி நடப்பதே அந்தக் கோடுகளால்தான். எந்த நாள், எந்தச் சந்தியில், எவ்வளவு ஐஸ் கூட வேண்டும் என்று அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். நண்டு வீணாவது குறைந்துவிட்டது. யாராவது வந்து உங்கள் நண்டு வழியில் கெட்டது என்று சொன்னால், நான் குரல் உயர்த்துவதே இல்லை. போனை எடுத்து நீட்டுகிறேன்.

அழிக்கவா, விடவா

ஆனால் நவாஸின் பெயருக்கு நேரே இருந்த சிவப்பு அப்படியே இருந்தது. முந்திய மூன்றும், நான் கூடப் போன நாளின் நாலாவதும். நாலாவதில் எனக்கும் பங்கு உண்டு என்று அவனைச் சீண்டினேன், அவன் சிரிக்கவில்லை.

ஒருமுறை பதிந்ததைத் தொழிற்சாலையில் யாராலும் அழிக்க முடியாதாம். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் நம்புவதே அதனால்தான் என்று நிலூகா விளக்கினாள். ஒவ்வொரு சிவப்புக்கும் கீழே ஒரு குறிப்பு மட்டும் எழுதலாம். அதை அவள் அன்றைக்கே எழுதினாள். டப்பா சாரதியின் இருக்கைக்கு முன்னால் இருந்தது, நண்டு ஐஸில் இருந்தது, சாரதி மீது பிழை இல்லை. அதோடு, அந்த நாலையும் நீக்கித் தரும்படி மேலிடத்துக்கும் எழுதினாள். கிடைப்பது கஷ்டம் என்றாள்.

நவாஸ் லொறி ஓட்டத் தொடங்கிவிட்டான். ஆனால் பழைய கலகலப்பு இல்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டான். மற்றச் சாரதிமார் கூடி நிற்கும் இடத்தில் இறங்காமல் லொறிக்குள்ளேயே இருந்தான். மனைவி வந்து என்னிடம் சொல்லிக் கவலைப்பட்டாள். அந்த நாலும் அழிந்தால்தான் இவன் நிமிர்வான் என்று எனக்குப் பட்டது. கிழமைக்கொரு தரம் நிலூகாவைப் போனில் தொல்லைப்படுத்தினேன்.

சில மாதம் கழித்து அவளே போன் எடுத்தாள். மேலிடம் ஒத்துக்கொண்டுவிட்டது. சாரதி ஓம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலும் போய்விடும், எப்போதுமே இல்லாத மாதிரி ஆகிவிடும் என்றாள்.

நான் கிட்டத்தட்ட ஓடினேன். நவாஸ் லொறிக்குப் பின்னால் நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். டப்பாவை நண்டுக்கு நடுவே செருகி, அதன் மேல் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அழுவான் என்று நினைத்தேன். அவன் ஐஸ் அள்ளுவதை நிறுத்தி யோசித்தான்.

"வேணாம் ராத்தா, அழிக்க வேணாம் எண்டு சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்காக எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன் தெரியுமா என்று கேட்டேன். அவன் கையை உதறித் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். கன நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைத்தான்.

"சிவப்பு விழுந்ததை எல்லாரும் கண்டவங்கதானே. இப்ப அது இல்லாமப் போனா, ராத்தா ஆளைப் பிடிச்சு அழிச்சுப்போட்டா எண்டுதான் சொல்லுவாங்க. என்மேல எண்டைக்கும் சந்தேகம்தான் மிஞ்சும். சிவப்புக் கிடக்கட்டும், கீழ அந்தப் புள்ள எழுதினதும் கிடக்கட்டும். பாக்கிறவன் ரெண்டையும் பாக்கட்டும்."

நிலூகாவுக்குப் போன் எடுத்து அவன் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். சரி அக்கே, அப்படியே விடுகிறேன் என்றாள்.

அன்றைக்கு நவாஸ் சாரதிமார் குழுவில் தன்னைத் திரும்பச் சேர்க்கச் சொன்னான். சேர்த்ததும் ஒரு சொல்லும் எழுதவில்லை. சிவப்பு நாலும், அவற்றின் கீழே நிலூகா எழுதியதும் தெரிகிற பக்கத்தைப் படம் பிடித்து, தன் பெயர் தெரியப் போட்டான்.

இன்றைக்கும் தொழிற்சாலையில் அவனுடைய பெயரைத் தேடினால் அந்த நாலு சிவப்பும் வரும். அதற்குப் பிறகு எல்லாம் பச்சைதான். புதிதாக வேலைக்கு வருகிற சாரதிமாருக்கு அவன் முதலில் காட்டுவது அந்தச் சிவப்பைத்தான்.